செவலை முகம் பார்த்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதனால் முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவேன், பேர் மறந்துபோகும், சில சமயம் எதைச் சொல்ல உட்கார்ந்தேன் என்பதே மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாசனை மட்டும் மறக்கவில்லை. இரும்புச் சட்டியில் மணல் நன்றாகச் சுட்டு லேசாகப் புகை கிளம்பும் நேரத்தில், உப்பு ஏறிய அரிசியை அள்ளிப் போட்டால், போட்ட கை திரும்புவதற்குள் படபடவென்று பொரிந்து, கொஞ்சம் மண் வாசனையும் கொஞ்சம் சோற்று வாசனையும் கொஞ்சம் தீய்ந்த வாசனையுமாகச் சேர்ந்து ஒன்று வரும். அது தலைமுடியில் ஏறி, பாவாடையில் ஏறி, குடிக்கிற தண்ணீரில் கூட இருக்கும்.

அது என் அத்தை வீட்டு வாசனை. எழுபதுகளின் நடுவில் இருக்கும், எந்த வருஷம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அம்மா இறந்த பிறகு அப்பா கிணறு வெட்டுகிற ஆட்களோடு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது, பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைய முடியாது என்று, திருவண்ணாமலையில் கோயிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்த தன் அக்கா வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனார். அத்தையும் மாமாவும் பொரி வறுத்து விற்கிறவர்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வயிற்றுக்குக் குறை வைக்கவில்லை, தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள், கை ஓங்கியதில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து அடுப்பிலும் கடையிலும் நிற்கிறவர்களுக்கு என்னோடு பேச எங்கே நேரம். "இந்தா" என்பார்கள், "ஏய் பொண்ணு" என்பார்கள், "அத எடு" என்பார்கள், எல்லாம் என் கையைப் பார்த்துச் சொல்வதுதான். என் முகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு அங்கே காவல் வேலை. உப்புத் தண்ணீர் தெளித்த அரிசியைப் பொரிப்பதற்கு முன்னால் வெயிலில் காய வைக்க வேண்டும், அதற்கு வீட்டின் பின்பக்கம் "சிமிட்டித் தரை" என்று சிமெண்டு பூசிய ஒரு காலி இடம் இருந்தது, மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள், ஒரு பக்கம் சந்து, அண்ணாந்து பார்த்தால் மலை. அங்கே பரப்பிய அரிசியைக் காக்காயும் குருவியும் ஆடும் தொடாமல் நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருப்பேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா அக்கா பூக் கட்டிக்கொண்டிருக்கும், நினைத்தால் அங்கிருந்தே ஏதாவது கேட்கும், நான் பதில் சொன்னால் அதற்குக் கேட்காது, ஏனென்றால் எனக்குச் சத்தமாகப் பேச வராது. வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டாள், "உன் கொரலு வாசப்படியத் தாண்டக் கூடாது, ஆமா சொல்லிட்டேன்." அத்தை ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன், இன்று வரைக்கும் விடவில்லை.

அந்தத் தரைக்குத்தான் அந்த நாய் வந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், கடுவன் நாய். எங்கள் ஊர் நாய்களுக்குப் பஞ்சம் கிடையாது, மலை சுற்ற வருகிறவர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்த நாய்கள் எந்த வீட்டு நாயும் இல்லை, எல்லா வீட்டு நாயும்தான். ஆள் வந்தால் முதலில் கையைப் பார்க்கும், கையில் பொட்டலம் இருந்தால் பின்னால் போகும், இல்லையென்றால் படுத்துக்கொள்ளும். இதுவும் அப்படித்தான். நான் மடியிலிருந்து ஒரு பிடி பொரி போட்டேன், தின்றது, என் கையைப் பார்த்தது, கை காலியாக இருந்ததும் சந்தோடு போய்விட்டது. மறுநாளும் வந்தது, அதே மாதிரி கையைப் பார்த்துவிட்டுப் போனது. எனக்கு அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனிதர்கள்தான் அப்படியென்றால் நாயுமா என்று தோன்றியது. சின்ன வயசுதானே, ரோஷம் வந்துவிட்டது.

அடுத்த தடவை பொரியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அது மூக்கால் முட்டியது, நக்கியது, முன்னங்காலால் பிறாண்டியது, நான் திறக்கவில்லை. குரைத்துப் பார்த்தது, திறக்கவில்லை. கடைசியில் என்ன ஜென்மம் இது என்பதுபோல் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. கண்ணில் கொஞ்சம் மஞ்சள் கலந்த பழுப்பு இருந்தது, அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது. எனக்கே தெரியாமல் கை திறந்துகொண்டது.

அவ்வளவுதான் நான் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு வெயில் காலம் முழுவதும் பிடித்தது. கையைப் பார்த்தால் கை மூடியே இருக்கும், முகத்தைப் பார்த்தால் திறக்கும். இது அதற்குப் புரிந்த பிறகு, பொரியுள்ள கையைப் பக்கவாட்டில் நீட்டிவைத்துக்கொள்வேன், அது கையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி கையைப் பார்க்கும், கடைசியில் என் முகத்திலேயே கண்ணை நிறுத்தும். அப்புறம் காக்காய் வந்து உட்கார்ந்தாலும் பார்வை திரும்பாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், திரும்பியது, பொரி கிடையாது. ஆடு வந்தது, திரும்பியது, கிடையாது. நாளாக ஆக ஆடு போனாலும் காது மட்டும் திரும்பும், கண் திரும்பாது. செவலை என்று பேர் வைத்தேன். பேரைச் சும்மா சும்மா கூப்பிட்டால் அதுவும் காக்காய் கத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அதனால் ஒரு தடவைதான் கூப்பிடுவேன், அதுவும் மெதுவாக, உதடு அசைகிற அளவுக்குத்தான். வயிறு நிறைந்திருந்தால் எதுவும் நடக்காது. ரொம்ப நேரம் இழுத்தாலும் சலித்துப்போய் எழுந்து போய்விடும், அதனால் அதற்கு ஆசை இருக்கும்போதே நான் நிறுத்திவிடுவேன்.

கன்னியம்மா அக்கா ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"இன்னாடி, நாய்க்கு பள்ளிக்கூடம் வெச்சிக்கிற? நீயே அஞ்சாவதுதான."

நான் குச்சியை ஆட்டி ஒரு காக்காயை விரட்டினேன்.

"பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருக்குது பாரேன். ஏய் செவல, எங்க வூட்டுப் பக்கமும் கொஞ்சம் பாரு."

செவலை திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம், பூக்கூடையில் வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்துப் போட்டது. நானும் அன்றைக்குச் சிரித்தேன். என் நாய்க்கு வந்த பெருமை என்று நினைத்துக்கொண்டேன். அதில் இருந்த தப்பு எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், அந்தத் தரையில் இருந்த ஒரே முகம் என் முகம். நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது என்னைப் பார் என்று. அது படித்துக்கொண்டது முகத்தைப் பார் என்று. கூடவே பொரி. வேறு எந்த ஊர்ப் பெண்ணாவது நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தால் எலும்போ கருவாடோ கொடுத்திருப்பாள். எங்கள் வீட்டில் இருந்தது பொரி, நான் பொரியைக் கொடுத்தேன். கார்த்திகை வந்தால் இந்த ஊர் முழுக்கக் கையில் பொரியை வைத்துக்கொண்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

மழைக்காலம் வந்து தரையில் அரிசி காய வைக்க முடியாமல் போனதும் செவலை கடைக்கு வர ஆரம்பித்தது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்த ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்க, அந்த அம்மாவும் ஆசையாக ஒரு பிடி போட, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டே போய் மூட்டையில் வாய் வைத்துவிட்டது. பின்னால் நின்றிருந்தவர், "நாய் வாய் வெச்ச பொரியவா சாமிக்குப் படைக்கிறது" என்று வாங்காமல் போய்விட்டார். மாமா சத்தம் போடுகிறவர் இல்லை, அது இன்னும் பயம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கீழ்பென்னாத்தூர்ல நம்ம பங்காளி ஒருத்தரு கடலக்கொல்லைக்கு நாய் கேட்டுக்கினு இருக்காரு. பன்னித் தொல்ல ஜாஸ்தியாம். தீபத்துக்கு வருவாரு, அவர் வண்டியில கட்டி அனுப்பிடலாம்."

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமாவிடம் நானாக ஒன்று கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"நான் சொன்னா கேக்கும் மாமா."

"யாரு, அதுவா? நீ பேசறது எங்களுக்கே கேக்கறதில்ல, நாய்க்குக் கேக்குதா?"

அத்தை சிரித்துவிட்டாள். மாமாவும் லேசாகச் சிரித்தார், பிறகு கொஞ்சம் இறங்கி வந்தவர்போல், "சரி. தீபத்தன்னிக்கு தேரடித் தெருவுல கட போடறோம் இல்ல, கூட்டிக்கினு வா. கட்டக் கூடாது. உன் பேச்சக் கேட்டு உன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்துதுன்னா, இருந்துட்டுப் போவுது. எவன் பின்னாலயாவது போச்சுன்னா அப்புறம் என்ன ஒண்ணும் கேக்காத" என்றார்.

மாமா நியாயமானவர், சொன்னால் சொன்னதுதான். அதனால் எனக்குத் தைரியம் வந்தது. மழை விட்ட நேரமெல்லாம் செவலையைச் சந்து முனைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, சைக்கிள் போகும்போது, ஜட்கா போகும்போது, கோயில் மேளம் கேட்கும்போது எல்லாம் மெதுவாகப் பேரைச் சொல்லி முகம் பார்க்க வைத்தேன். எதற்கும் திரும்பவில்லை. இதைவிட ஒரு நாய் என்ன படிக்கும் என்று நினைத்தேன். வண்டியும் மேளமும் வைத்துப் பழக்கினேனே தவிர, கையில் பொரியோடு ஒரு ஆளை அதற்கு எதிரில் நிறுத்திப் பழக்க எனக்குத் தோன்றவில்லை.

தீபத்தன்று காலையிலேயே தேரடித் தெருவில் கடை போட்டுவிட்டோம். மூட்டைகளை அவிழ்த்துப் பொரியை மலைபோல் குவித்து, பக்கத்தில் வெல்லம், கடலை எல்லாம் வைத்தோம். செவலை என் காலடியில் உட்கார்ந்திருந்தது. மாமா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்தது, அந்தக் கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, தெரு தெரியாது, தலைதான் தெரியும். எல்லார் கையிலும் பொரிப் பொட்டலம். முதலில் ஒரு குழந்தை, அப்பா தோளிலிருந்து இறங்கி நின்று பொட்டலத்தைப் பிரித்தது. செவலை அதன் கையைப் பார்த்தது. பிறகு, நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சமும் பிசகாமல், தலையைத் தூக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தது.

"அப்பா, இது என்னையே பாக்குதுப்பா."

"ஆமாண்டா, எவ்ளோ அன்பா பாக்குது பாரு. போடு, போடு."

நான் உதட்டுக்குள் பேரைச் சொன்னேன். செவலையின் காது என் பக்கம் வந்தது, தலையும் வந்தது, என்னையும் பார்த்தது. நான் பொரி கொடுத்தேன். ஆனால் அடுத்த முகம் வந்துவிட்டது, அதற்கடுத்த முகம் வந்துவிட்டது, எந்த முகத்தைப் பார்த்தாலும் கை திறந்தது. ஒரு வெயில் காலம் முழுக்க நான் உட்கார்ந்து பழக்கியதை ஊரே நின்று பழக்கியது. அத்தை என்னிடம் எதையோ எடுக்கச் சொல்லி, நான் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது காலடியில் நாய் இல்லை.

மாமா பார்த்துவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார், அவ்வளவுதான்.

மத்தியானம் தாண்டிக் குவியல் கரைந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் அத்தையிடம் கேட்டேன், "தேடிப் பாத்துட்டு வரட்டா அத்த?" அத்தை என்னை என்னவோபோல் பார்த்தாள். "போ. தீபம் ஏத்தறதுக்குள்ள வந்துடு, கூட்டத்துல மாட்டிக்கப் போற" என்றாள். மடியில் பொரியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாயைத் தேடுகிறவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள். நான் சும்மா போனேன். குனிந்து குனிந்து கால்களுக்கு நடுவில் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டொரு தடவை வாயைத் திறந்தேன், நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் தேங்காய்க் கடைக்காரர் கத்துவதுமாக இருந்த அந்த இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. காந்தி சிலைப் பக்கம் போனபோது கூட்டம் நெருக்கி என்னைத் தள்ளிக்கொண்டே போனது, கால் தரையில் இருந்ததா என்று கூடத் தெரியாது, மறுபடி நான் நின்ற இடத்தில் மடி அவிழ்ந்து பொரி எல்லாம் எங்கேயோ கொட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, எந்த ஊரோ, ஒரு பெரிய குடும்பம் நின்றுகொண்டிருந்தது, அவர்களுக்கு நடுவில் செவலை உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதற்கும் நடுவில் ஏழெட்டு ஆள் இருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. அவ்வளவு பேர் அன்பாகக் கொடுக்கும்போது, வெறுங்கையை வைத்துக்கொண்டு நான் எதற்குக் கூப்பிடுவது என்று நின்றுவிட்டேன்.

வெளிச்சம் குறைந்தது. எங்கள் ஊரில் மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள், அதுவரைக்கும் இருட்டிக்கொண்டே வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், தின்றுகொண்டிருந்தவர்கள் பொட்டலத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், எல்லாருடைய தலையும் மலைப் பக்கம் உயர்ந்தது, கைகள் தலைக்கு மேல் போய்க் குவிந்தன. நான் குள்ளம், எனக்கு மலை தெரியாது, முதுகுகள்தான் தெரியும், அதனால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். கால்களுக்கு நடுவில் செவலை தெரிந்தது.

அது அந்தக் குடும்பத்துப் பெரியவரின் முகத்தைப் பார்த்தது. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியைப் பார்த்தது. அந்த அம்மாவும் மேலே. குழந்தை, அதுவும் அப்பா தோளில் ஏறி மேலே. செவலைக்கு அத்தனை பேருடைய தாடையும் தொண்டையும்தான் தெரிந்திருக்கும். எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றியது, வேறு ஆட்களைப் பார்த்தது, அவர்களும் மேலே. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த நேரத்தில் ஒரு முகம் கூடக் கீழே இல்லை, என் முகத்தைத் தவிர.

அது என்னைப் பார்த்தது. நான் பேரைச் சொல்லவில்லை, உதடு கூட அசையவில்லை. கால்களுக்குள் புகுந்து புகுந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தது. நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், ஒன்றும் இல்லை பார் என்று. அது கையைப் பார்க்கவே இல்லை. அப்போது மேலே தீபம் தெரிந்திருக்க வேண்டும், "அரோகரா" என்று ஊரே ஒரே குரலாக எழும்பியது, தரை அதிர்ந்தது, செவலையின் கண் அசையவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நானும் வாயைத் திறந்து என் முழுக் குரலில் "செவல" என்று கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது. அந்த வருஷத் தீபத்தை நான் பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது நாய் என்னை ஒட்டியே வந்தது. மாமா பார்த்தார்.

"எங்கருந்து புடிச்சாந்த?"

"அதுவே வந்துச்சு மாமா."

"ஆமா, வந்துச்சு. பொரியக் காட்டிருப்ப."

"இல்ல மாமா, கையில ஒண்ணும் இல்ல."

"போனது போனதுதானம்மா. நான் சொன்னது இன்னா, பக்கத்துலயே இருக்கணும்னுதான சொன்னேன்."

அவர் சொன்னது உண்மைதான். கன்னியம்மா அக்கா அன்றைக்கு அந்தப் பக்கம்தான் பூ விற்றுக்கொண்டிருந்தது, அக்கா பார்த்திருக்கும் என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, தீபம் ஏத்தும்போது நீ காந்தி சிலகிட்டதான இருந்த? பாத்தியா?"

"பாக்காம? ஜோரா தெரிஞ்சுதுடி, ஒரு மேகம் இல்ல."

"அது இல்லக்கா, என் நாயி என்கிட்ட வந்துச்சே."

"போடி பைத்தியம். தீபம் ஏத்தற நேரத்துல எவளாவது நாயப் பாத்துக்கினு இருப்பாளா?"

நியாயம்தானே. யாராவது பார்ப்பார்களா?

மறுநாள் காலையில் கீழ்பென்னாத்தூர்க்காரர் எங்கள் சந்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார். செவலையின் கழுத்தில் கயிறு கட்டி வண்டியின் பின்னால் முடிந்தார். மாமா முந்தின இரவே அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், காலையில் கடைக்குக் கிளம்பிவிட்டார், அத்தை உள்ளே இருந்தாள். நான் வாசலில் நின்றேன். மாடு நடந்தது, வண்டி நகர்ந்தது, செவலை நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது, கயிறு இழுத்தது, கழுத்து நீண்டது, மண்ணில் தேய்ந்துகொண்டே போனது, கண்ணை எடுக்கவில்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நல்ல மனுஷர், அடிக்கவில்லை. வண்டியில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு கை பொரியை அள்ளி அதற்கு முன்னால் போட்டார். செவலை அதைப் பார்க்கவில்லை. இன்னொரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். மூக்கு அசைந்தது. கண் என்மேல்தான் இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உன்னப் பாத்துக்கினு இது நடக்க மாட்டேங்குதே. கயிறு இறுக்கி செத்துப்போவும்மா. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க."

முந்தின நாள் கூட்டத்தில் அது வந்தது எல்லாரும் மேலே பார்த்ததாலா, நான் என்று தெரிந்தா என்று நான் விடிய விடிய யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் அங்கே உட்கார்ந்திருந்தது. மாமாவைக் கூட்டிவந்து காட்டலாம் என்றால் அவர் தேரடித் தெருவில் இருந்தார், அத்தையைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிக்கொண்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சுண்ணாம்பு உரிந்த சுவர். பிறகு வண்டிச் சக்கரம் உருண்டது, நகம் தரையில் படுகிற சத்தம் கூடவே போனது.

அடுத்த கார்த்திகைக்கு அவர் வந்தபோது அத்தைதான் கேட்டாள். "அதுவா, நல்லா இருக்கு, பன்னிங்கள ஓட்டுது" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனேன், பஸ் கீழ்பென்னாத்தூரில் நிற்கும். நின்ற நேரத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கடலைக் கொல்லைப் பக்கம் பார்ப்பேன். அத்தனை வருஷம் ஒரு நாய் உயிரோடு இருக்காது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை, காற்றுக்கு என்று சொல்வேன்.

இப்போது மறுபடி இந்த ஊருக்கே வந்துவிட்டேன். அத்தையும் மாமாவும் இல்லை. சிமிட்டித் தரை இருந்த இடத்தில் மாடிமேல் மாடியாக ஒரு லாட்ஜ் நிற்கிறது, அங்கிருந்து மலை தெரிய வேண்டுமென்றால் மேலே ரூம் எடுக்க வேண்டும். பொரி பிளாஸ்டிக் பையில் ஒட்டி வருகிறது, வாசனை இல்லை. தெருவில் கன்னியம்மா அக்காவைத் தெரிந்தவர்கள்கூட யாரும் இல்லை. தீபத்துக்கு நான் வெளியே போவதில்லை, அவ்வளவு கூட்டத்தைத் தாங்குகிற உடம்பு இல்லை, வாசலில் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அந்த நேரத்தில் தெருநாய் ஏதாவது போனால் கூப்பிட மாட்டேன், அதன் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

இதையெல்லாம் யாராவது தெரிந்தவர்கள் ஒரு தடவை பார்த்துச் சரி செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் காந்தி சிலைப் பக்கம் கூட்டத்தை நிற்க விட்டார்களா, கயிறு கட்டித் தடுத்திருந்தார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, வேறு இடத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் மாற்றிவிடுங்கள். மழை எப்போது விட்டது, ஜட்கா அப்போது ஓடியதா, இதெல்லாம் என்னைவிடப் பெரியவர்கள் இருந்தால் சொல்வார்கள். இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், காலில் முள் குத்தியோ, செருப்பு அறுந்தோ, குழந்தை அழுதோ, எதற்காகவாவது அந்த நேரத்தில் மலையைப் பார்க்காமல் ஒரு கணம் கீழே பார்த்தவர்கள் இருந்தால், கால்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா, அவள் கையைப் பார்க்காமல் ஒரு நாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.